ஏழாவது படத்தில் ஒரு காலி இருக்கை

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னவளாகிவிடுவேன். நான் நலம். அப்பா முன்பு போல இல்லை. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. இதையெல்லாம் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் நீ "ம்" என்பாய், "சரிக்கா" என்பாய், உடனே உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாய். கடிதமென்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ இருந்துதான் ஆக வேண்டும்.

உன் புத்தகங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பன்னிரண்டு பிரதியில் ஒன்றின் மூலைகூட மடங்கவில்லை. ஆசிரியர் அறையில் வைத்துத்தான் பார்சலைப் பிரித்தேன். வீட்டில் பிரித்திருக்க வேண்டும். முதல் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார். நம் சமையலறை ஜன்னலைப் போய் வரைந்திருக்கிறாயே. வெளியே துணிக்கொடி, அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் மலை. பன்னிரண்டு படமும் அதே ஜன்னல்தான். படத்துக்குப் படம் மரங்கள் குறைகின்றன, அடிவாரத்தில் மண்பாதை முளைக்கிறது, பிறகு மலையே பள்ளமாகிறது, ஓடை மெலிந்து கோடாகிறது. அட்டையில் உன் பெயரை விட்டால் புத்தகம் முழுக்க ஓர் எழுத்துகூட இல்லை.

தலைமை ஆசிரியைக்கு அதுதான் பிடிபடவில்லை. முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை புரட்டிவிட்டு, "இதுல பாடம் எங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்டார். நம்மைச் சுற்றி மண்ணும் தண்ணீரும் எப்படி மாறுகின்றன என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் என்றேன். படத்துக்குக் கீழே ஒரு வரியாவது எழுதி ஒட்டுங்கள், மேலே இருந்து பார்வையிட வருகிறவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒட்டாமல் விட்டேன். தலையாட்டுவதில் எனக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு புத்தகம். முதல் முறை யாரும் வாய் திறக்கக் கூடாது, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை விரலால் தொட்டுக் காட்டலாம். மூன்றாம் முறைதான் பேச்சு. நான் மலையைத்தான் பார்த்தேன். அவர்கள் துணிக்கொடியைப் பார்த்தார்கள். முதல் படத்தில் வெள்ளையாகத் தொங்கும் சட்டை நான்காவதில் மங்கியிருக்கிறது, ஆறாவதில் சாம்பல் நிறமாகிவிட்டது, பாதையில் போகிற லாரித் தூசிதான் டீச்சர் என்று ஒருவன் கண்டுபிடித்தான். ஜன்னல் விளிம்பில் நீ வைத்திருக்கும் வாளியில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருத்தி விரலால் அளந்தாள். பறவைகளை எண்ணினார்கள். பதினேழு, பதினொன்று, நான்கு. கடைசிப் படத்தில் ஒன்றுகூட இல்லை என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வெற்று வானத்தில் அவர்கள் விரல் தேடிக்கொண்டே இருந்தது.

இப்போது நான் செய்த வேலையைச் சொல்கிறேன். திட்டுவதென்றால் திட்டு. ஏழாவது படத்தை நான் அவர்களுக்குக் காட்டவில்லை. அது விரிந்திருக்கும் இரண்டு தாளையும் சேர்த்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன், பன்னிரண்டு புத்தகத்திலும். ஜன்னல் முழுக்க, கல் அள்ளும் அந்த மஞ்சள் இயந்திரம் நிற்கிற படம் அது. குவாரியில் அந்த வண்டியை இருபத்தாறு வருடம் ஓட்டியது யார் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டாலும் அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரியும். என் மேசைக்கு எதிரே ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள், குட்டி வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். குவாரிப் பள்ளத்துக்கு நேர் கீழே அவள் வீடு. அவர்கள் கிணறு வற்றி மூன்று வருடம் ஆகிறது. அவள் முன்னால் நின்று என் அப்பாவின் வண்டியைத் தொட்டுக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பலனை அன்றே அனுபவித்தேன். ஆறாவது படத்தில் மலை மொட்டையாக இருந்தாலும் முழுசாக நிற்கிறது. திருப்பினால் எட்டாவது படம், மலை இருந்த இடத்தில் பள்ளம். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். மலை கோபித்துக்கொண்டு போய்விட்டது என்றான் ஒருவன். மழையில் கரைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. மரமெல்லாம் போனதால் மலைக்கு வெட்கமாகி மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். கடைசியில் மொத்த வகுப்பும் ஒரு முடிவுக்கு வந்தது, தப்பு மலையுடையதுதான். எழுத்தே இல்லாத புத்தகத்திலும் இரண்டு கம்பி முள்ளால் பொய் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புத்தகம் வந்த விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது, நடுவில் நான் எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று உடைகிறது. நான் செய்தது சரியா தப்பா என்று இரண்டு வரி எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, பழக்கம்தான். ஆனால் இங்கு நடந்ததை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதலில் அப்பா உடம்பு. ஆக்ஸிஜன் மெஷின் வீட்டுக்கே வந்துவிட்டது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிறது. கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாம், அதைக் கழுவி எடுக்க வழியே இல்லையாம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மலையில கொஞ்சம் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று டாக்டர் என்னைப் பார்த்தார். உடம்பு பாதியாகிவிட்டது, அந்த நையாண்டி மட்டும் இளைக்கவே இல்லை.

ஊர் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. முன்பெல்லாம் நாலு மணிக்கு மலையின் நிழல் நம் பள்ளி மைதானத்தில் வந்து விழும், நீகூட அதில்தான் விளையாடுவாய். இப்போது ஆறு மணிவரை வெயில். விளையாட்டு நேரத்தைக் காலைக்கு மாற்றிவிட்டோம்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். குட்டி வக்கீல் போன வாரம் தாளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே எழுந்து, "டீச்சர், இந்த ஒரு தாள் மட்டும் தடியா இருக்கு" என்றாள். அச்சுப் பிழை என்று சொல்லி வாயை அடைத்தேன். அவள் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டுமே என்று, நடுவில் விட்டுப்போன படத்தை நீங்களே வரையுங்கள் என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதை மூட ஒரு வீட்டுப்பாடம்.

முப்பத்தாறு படத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தேன். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது என்பது உனக்குத் தெரியும். நான் நோட்டுத் திருத்தும்போது அந்தப் பக்கமே வரமாட்டார். படம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மலைக்குக் கால் முளைத்து நடந்துபோகிறது. மலையை ஒரு ராட்சதன் பிட்டுப் பிட்டுத் தின்கிறான். மலையை மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுகிறார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும், "இதெல்லாம் எதுக்கு வரையச் சொன்ன?" என்று கேட்டார். மழுப்பினேன். எனக்கு மழுப்பத் தெரியாது என்பது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

தம்பி, அவர் அதைப் படித்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இங்கே என்ன போட்டிருக்கிறது என்று என்னைக் கூப்பிடவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் அவர் படித்த முதல் புத்தகம் அதுதான். கொடியில் தொங்குவது தன் வேலைச் சட்டை என்று முதல் படத்திலேயே கண்டுகொண்டார். அம்மா இருந்தவரை அதை இரண்டு தடவை அலசுவாள், காய்வதற்குள் மறுபடி அழுக்காகும் என்று தனக்குள் பேசிக்கொண்டார். ஆறாவது படம் தாண்டியதும் அவர் கட்டைவிரலும் அந்தத் தடித்த தாளில் வந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, தாளில் ஒரு கீறல் விழாமல் இரண்டு முள்ளையும் நெம்பி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் வண்டி" என்றார். உடைந்த இடது விளக்கு, கல் அள்ளும் பக்கெட்டில் வளைந்துபோன மூன்றாவது பல், கதவில் கட்டியிருக்கும் தண்ணீர்ப் பாட்டில், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "ஒண்ணையும் மறக்கல பாரு" என்று சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது, சத்தியமாக இருந்தது. பிறகு விரல் கேபினுக்குப் போனது. உள்ளே இருக்கை இருக்கிறது, ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆள் எங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஆக்ஸிஜன் குழாய் எட்டும் தூரம்வரை வாசல் பக்கம் வந்து நின்றார். "எனக்குப் பயந்து விட்டுட்டானா, என்னைப் புடிக்காம விட்டுட்டானா? எழுதிக் கேளு" என்றார்.

எழுதிக் கேட்டுவிட்டேன். இதற்காவது பதில் போடு. தபால்காரர் வரும் நேரம் எது என்று என்னிடம் விசாரித்து வைத்திருக்கிறார்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஐந்தே வரி. எண்ணி எண்ணி எழுதுவாய் போலிருக்கிறது. அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், காட்டாதே என்று நீ எழுதவில்லையே.

அவர் முகத்தை ஒன்பது தடவை வரைந்து ஒன்பது தடவையும் அழித்ததாக எழுதியிருந்தாய். வரைந்தால் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவரைத்தான் திட்டும், வண்டியை மட்டும் வரைந்தால் திட்டு வண்டியோடு போகும் என்று எழுதியிருந்தாய். அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன், "ஒரு மலையவே தின்னுட்டீங்கப்பா" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனவன் நீ. அவர் மட்டும் சும்மாவா இருந்தார், "அதத் தின்னுதான்டா நீ படம் வரையப் படிச்ச" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டுமே உண்மையாக இருந்ததால் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. நான் டீச்சரானதும் அந்த மலைக் காசில்தான்.

கடைசி வரியை மட்டும் அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். எழுத்து இல்லாமல் ஏன் போட்டேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே அக்கா என்று எழுதியிருந்தாய். நான் ஒரு மக்கு டீச்சர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "திட்டட்டும்னு எழுது. ஆளில்லாத வண்டி மலைய உடைக்காதுன்னு மூணாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியுது" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குப் போன கடிதம் எழுதிய மறுநாளே எல்லாப் புத்தகத்திலும் முள்ளை எடுத்துவிட்டேன். அது அச்சுப் பிழை இல்லை, நான்தான் மறைத்தேன் என்று வகுப்பில் சொன்னேன். மலை காணாமல் போனதைவிட, டீச்சர் பொய் சொல்வார் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. ஏன் டீச்சர் மறைத்தீர்கள் என்று கேட்டாள் குட்டி வக்கீல். இந்த வண்டியை ஓட்டியது எங்கள் அப்பா என்றேன். அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுல யாருமே இல்லையே டீச்சர். வண்டி தானா ஓடுமா? அவர்கிட்டயே கேக்கலாம்" என்றாள்.

வீட்டில் வந்து சொன்னதும் அப்பா வருகிறேன் என்றார். வெயில், படிக்கட்டு, டாக்டர் திட்டுவார் என்று ஆயிரம் சாக்குச் சொன்னேன். கேட்கவில்லை. போன வியாழக்கிழமை, கையில் தூக்கும் சின்ன சிலிண்டரோடு வாடகைக் காரில் அழைத்துப் போனேன். சவரம் செய்துகொண்டு, பழைய வேலைத் தொப்பியையும் வைத்துக்கொண்டார். தலைமை ஆசிரியை வாசலில் நின்று பேந்தப் பேந்த விழித்தார்.

மலையை நீங்களா உடைத்தீர்கள் தாத்தா என்று ஒருவன் ஆரம்பித்தான். வெடி வைத்தது வேறு ஆள், அள்ளியது நான், ஆனால் ஆமாம் என்றே வைத்துக்கொள் என்றார் அப்பா. எதற்கு என்று கேட்டார்கள். வேலை என்றார். அவ்வளவு கல்லும் எங்கே போனது என்று கேட்டார்கள். இந்த வகுப்புச் சுவரில் கொஞ்சம், வெளியே ரோட்டில் கொஞ்சம், உங்கள் வீட்டில் கொஞ்சம், என் வீட்டிலும் கொஞ்சம் என்றார். பிள்ளைகள் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள்.

அப்போது குட்டி வக்கீல் எழுந்தாள். "தண்ணி போயிரும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் அப்பா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, "மூணாவது வருஷமே தெரியும்மா. ஓடைத் தண்ணி கலங்கி வந்துச்சு. அதப் பாத்துட்டு, மறுநாளும் வேலைக்குப் போனேன்" என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவளும் பரவாயில்லை தாத்தா என்று சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

மணி அடித்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் புத்தகத்தோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். காலி இருக்கையைத் தொட்டு, இங்கே உட்கார்ந்தால் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். மலைப் பக்கம் என்றார். ஜன்னல் இந்தப் பக்கம்தானே இருக்கிறது, வீட்டைப் பார்க்கவே மாட்டீர்களா என்று கேட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவளுக்கான பதிலை வீட்டுக்கு வந்து குழாயை மாட்டிய பிறகு என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை மாறாமல் எழுது என்றார், எழுதுகிறேன். "இருந்தபடி வரைஞ்சா என் முதுகுதான் தெரியும். இருபத்தாறு வருஷத்துல ஒருநாளும் நான் திரும்பி வீட்டப் பாக்கல. பாத்திருந்தா கொடியில காயிற துணி தெரிஞ்சிருக்கும். ஜன்னல்ல நீங்க ரெண்டு பேரும் நிக்கிறது தெரிஞ்சிருக்கும். நான் திரும்பிப் பாக்கிற மாதிரி அவனப் போடச் சொல்லு. முகம் நல்லாத் தெரியணும். கூசாமப் போடச் சொல்லு."

மறுபதிப்பு ஏப்ரல் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் மார்ச் முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த இருக்கையில் அவரை உட்கார வைப்பாயா, மாட்டாயா? மருந்து மாத்திரை தவிர இந்த ஒரு வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, முடிந்தால் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். போட்டோ வேண்டாம் என்கிறார். வீம்பு இல்லை, காரணம் சொல்கிறார். ஒன்பது தடவை நீ அழித்தது, உன் ஞாபகத்தில் இருக்கும் அந்தக் கோபக்கார முகத்தை. இப்போதிருக்கும் முகத்தை நீ பார்த்ததே இல்லை. "எதிர்ல வந்து உக்காந்து பாத்து வரையட்டும்" என்கிறார்.

நீ வருவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு, சமையலறையில் நாற்காலியை ஜன்னலைப் பார்க்கப் போடச் சொல்கிறார். வண்டியில் உட்கார்ந்த மாதிரி பள்ளத்தைப் பார்த்து உட்காருகிறார். பின்னால் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட வைத்திருக்கிறார், அது நீ உட்கார. பிறகு கழுத்தை மெதுவாகத் திருப்பி அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். இதென்னப்பா கூத்து என்று முதல் நாள் சிரித்தேன். "பழகிக்கணும்ல, ஆடக் கூடாதுல்ல" என்றார். இப்போது நான் சிரிப்பதில்லை. அந்த நேரத்தில் சமையலறைக்குள் யாரும் போக வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, திரும்பி வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லெட்டர் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன். குட்டி வக்கீலே இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, நீ மட்டும் அவசரப்பட வேண்டாம். உன் கோபத்தையும் கூடவே கொண்டு வா, அதற்கும் இந்த வீட்டில் இடம் இருக்கிறது. மறுபதிப்புக்குக் கொடுக்க முடியாமல் போனாலும் போகட்டும். புத்தகத்தில் வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு அவர் இருக்கப் போவதில்லை. நீ எதிரே உட்கார்ந்து ஒரு கோடு போட்டால் அவருக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவர் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

கழுத்தைத் திருப்பி வைத்தால் அவருக்கு மூச்சு இழுக்கிறது. ஆரம்பித்த அன்று அரை மணி நேரம் அப்படி இருந்தார். வெள்ளிக்கிழமை இருபது நிமிடம். நேற்று பதின்மூன்று. இன்று காலை ஒன்பதாவது நிமிடத்திலேயே போதும் என்று கை காட்டிவிட்டார். நானே பிடித்துத் திருப்பி உட்கார வைத்தேன்.

உன் கை வேகம் எனக்குத் தெரியும். நல்லபடியாகக் கிளம்பி, வழியில் ஒரு தடையும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும். இங்கே வந்துதான் எல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று இருக்காதே. பென்சிலை ரயிலிலேயே சீவிக்கொண்டு வா.

உன் அக்கா